தவிட்டுக்கு விற்ற பிள்ளை

பருத்திப்பட்டு வடிவுக்கு வயிறு காலியாக இருந்த வருஷங்கள் கொஞ்சம். மடியில் பிள்ளை இருந்த வருஷங்கள் அதைவிடக் கொஞ்சம். பதினாலு வயதில் கோதண்டத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள் பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்குள் ஆறு பெற்றாள். ஆறும் போயிற்று. ஒன்று பிறந்த சூட்டோடு போனது. ஒன்று நடை பழகும்போது அம்மை வார்த்துப் போனது. ஒன்றுக்குப் பேதி, ஒன்றுக்கு ஜுரம். மற்ற இரண்டும் எதனால் போயின என்று யாரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை. ஏரி மதகுக்கு அந்தண்டை குழந்தைகளைப் புதைக்கிற மேட்டில் கோதண்டம் மண்வெட்டியோடு நின்றால், ஊர்க்காரர்கள் பார்த்தும் பாராததுமாய் மாட்டை ஓட்டிக்கொண்டு போய்விடுவார்கள். அந்த மேட்டில் எல்லா வீட்டுக்கும் பங்கு இருந்தது.

இதைக் கேட்டு நீங்கள் உச்சுக்கொட்டலாம். அந்த ஊரில் உச்சுக்கொட்டவும் ஆள் கிடையாது. பெண்கள் பெற்றார்கள், புதைத்தார்கள், தலைமுழுகினார்கள், மறுபடி பெற்றார்கள். நாளாக ஆக மற்றவர்களுக்கு மனசு மரத்துப் போயிற்று. வடிவுக்கு மட்டும் அந்தக் கொடுப்பினை இல்லை. ஆறாவது போனபோதும் முதலாவது போனபோது அழுத மாதிரியேதான் அழுதாள். "இன்னும் எத்தினி பெத்துக்கப் போற, இப்பவே இப்டி அழுதா?" என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள். ஆறுதலாகத்தான் கேட்டாள்.

கோதண்டத்துக்கு ஏரிப் பாசனத்தில் கொஞ்சம் நஞ்சையும் கிணற்றடியில் கீரைப் பாத்தியும் இருந்தன. கீரைக்கட்டுகளைக் கூடையில் அடுக்கிக்கொண்டு வடிவு பூந்தமல்லிக்கு நடந்து போய் விற்பாள். அங்கே ஜட்கா குதிரைகளுக்குச் சேணம் தைக்கிற உஸ்மான் கனியின் வீடு அவளுக்கு வாடிக்கை. உஸ்மான் கனியின் மனைவி குல்ஷனுக்கு ஐந்து பிள்ளைகள். ஐந்தும் கல்லுக்குண்டு மாதிரி இருந்தன. கீரையைக் கொடுத்துக்கொண்டே வடிவு அந்தப் பிள்ளைகளைப் பார்ப்பாள். பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்ப்பாள். பிறகு தன் கண் பட்டுவிடுமோ என்று பயந்து, பேரம்கூடப் பேசாமல் கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவாள்.

ஏழாவது ஆண் பிள்ளை. சீமையில் பெரிய சண்டை நடந்துகொண்டிருந்த காலம் அது. பிரசவம் பார்த்த அன்னம்மாள் தொப்புள்கொடியை அறுத்த கையோடு விஷயத்துக்கு வந்தாள்.

"இந்தாமே வடிவு, நான் சொல்றத கேளு. ஒன்னாண்ட இருக்கிறதாலதான் எல்லாம் பூடுது. இத்த வித்துடு."

தவிட்டுக்கு விற்பது என்றால் அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். பிள்ளை தங்காதவள் தன் பிள்ளையை முறத்தில் போட்டுக் குப்பைமேட்டில் வைக்க வேண்டும். பிள்ளையைப் பறிகொடுக்காத ஒருத்தி வந்து, தவிட்டைக் கொடுத்து அதை வாங்கிக்கொள்ள வேண்டும். வாங்கியவள் அதைப் பெற்றவளிடமே வளர்க்கக் கொடுத்துவிட்டுப் போவாள். அதற்கப்புறம் பெற்றவள் வெறும் வளர்க்கிறவள். 'என் பிள்ளை' என்று வாய் தவறிக்கூடச் சொல்லக் கூடாது. எமன் வந்து எட்டிப் பார்த்தால், இந்த வீட்டில் பிள்ளையே இல்லை என்று நினைத்துத் தாண்டிப் போய்விட வேண்டும். இவ்வளவுதான் சூட்சுமம். எமனை அத்தனை அசடு என்று நினைக்க மனசுக்கு எவ்வளவு கஷ்டம் வந்திருக்க வேண்டும்!

"யாராண்ட விக்கிறது?" என்றாள் வடிவு.

"பூந்தமல்லி பாய் ஊட்டம்மா கீதே, குல்ஷன். நான் பாத்த பிரசவத்துலயே அந்த ஊட்லதான் ஒண்ணுகூட போவல. நான் போய்க் கேக்குறேன்."

குல்ஷன் முதலில் சிரித்தாள். "ஏன் அன்னம்மா, எனக்கு அஞ்சு பத்தாதா?" என்று கேட்டுக்கொண்டேதான் ஜட்காவிலிருந்து இறங்கினாள். குப்பைமேட்டுக்குப் பத்தடி தள்ளி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற வடிவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டாள். முந்தானையில் முடிந்து வந்த தவிட்டை முறத்தின் ஓரத்தில் கொட்டி, "இந்தக் குப்பைய நான் எடுத்துக்கறேன்" என்று சொல்லிப் பிள்ளையைத் தூக்கினாள். அதன் நெற்றியில் ஒட்டியிருந்த சருகைத் துடைத்துவிட்டு வடிவின் கையில் கொடுத்தாள். "பத்திரமா வளத்துத் தா" என்றாள். பிள்ளைக்குக் குப்பன் என்று பெயர் வைத்தார்கள்.

குப்பன் தங்கினான். அம்மை வந்தது, தாண்டினான். பேதி வந்தது, அதையும் தாண்டினான். வடிவு சொல்லிக்கொடுத்தபடி அவளை 'அத்தே' என்று கூப்பிட்டான். பூந்தமல்லிக்கு இடுப்பில் தூக்கிப் போகும் நாளில் குல்ஷனை 'அம்மா' என்று கூப்பிட்டான். அவன் அப்படிக் கூப்பிடும்போதெல்லாம் வடிவு கீரைக்கட்டுகளை எண்ணத் தொடங்கிவிடுவாள். யாரை எப்படிக் கூப்பிட்டால் என்ன, பையன் இருக்கிறானே என்று நினைத்துக்கொள்வாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினெட்டாம் வருஷம் தீபாவளிச் சமயத்தில் விஷக்காய்ச்சல் வந்தது. சண்டைக்குப் போன சிப்பாய்கள் கப்பலில் கொண்டுவந்தார்கள் என்று சிலர் சொன்னார்கள். ரயிலில் வந்தது என்று சிலர் சொன்னார்கள். எதில் வந்தால் என்ன, வந்த வேகத்தில் வீடு வீடாகப் புகுந்தது. இத்தனை நாளும் பிள்ளைகளையும் கிழங்களையும் கொண்டுபோன நோய்களைத்தான் ஊர் பார்த்திருந்தது. இது நட்டநடுவில் நின்று உழைக்கிறவர்களையும் வாரிக்கொண்டது. ஏர் ஓட்டிவிட்டுச் சாயங்காலம் படுத்தவன் மறுநாள் எழுந்திருக்கவில்லை. தூக்க நாலு ஆள் கிடைக்காமல் மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

வடிவு குப்பனைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே கிடந்தாள். அவனுக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை. காய்ச்சல் ஓய்ந்த பிறகு அன்னம்மாள் வந்து வாசலிலேயே நின்று சொன்னாள்.

"பாய் ஊட்டுப் புள்ளங்க அஞ்சும் பூட்ச்சிமே. ஒரே வாரத்துல. ஒண்ணுகூட மிச்சம் இல்ல."

வடிவு குப்பனை இறுக்கிக்கொண்டாள். பிள்ளை வலிக்கிறது என்று அழுதான். அவளுக்கு முதலில் வந்தது துக்கம் இல்லை, பயம். என் வீட்டுக்கு வர வேண்டியதை அல்லவா அந்த வீட்டுக்குத் திருப்பிவிட்டேன் என்று நினைத்தாள். ஒரு மாசம் பூந்தமல்லிப் பக்கமே போகவில்லை. கோதண்டம் திட்டித் திட்டி, கடைசியில் ஒருநாள் கீரை இல்லாமல் பிள்ளையை மட்டும் தூக்கிக்கொண்டு போனாள். குல்ஷன் குப்பனை வாங்கி மடியில் போட்டுக்கொண்டு சாயங்காலம்வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள். வடிவு திரும்பிப் போகப் பிள்ளையைக் கேட்டபோது கொஞ்சம் தயங்கித்தான் கொடுத்தாள்.

அதற்கப்புறம் குல்ஷனுக்குப் பிள்ளை உண்டாகவில்லை. வாரத்துக்கு ஒருமுறை ஜட்காவில் பருத்திப்பட்டுக்கு வந்துவிடுவாள். குப்பனுக்குத் தலைவாரி விடுவாள், ஊட்டிவிடுவாள், ஏரிக்கரையில் நடத்திக்கொண்டு போவாள். அவள் வரும் நாளில் வடிவு ஏதாவது வேலையைத் தேடிக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விடுவாள். தவிட்டுக்கு வாங்கியவள்தானே, பார்க்கட்டும். பார்க்க வேண்டாம் என்று சொல்ல வடிவுக்கு எந்த வாய் இருந்தது?

இருபத்தோராம் வருஷம் சர்க்கார் ஜனத்தொகைக் கணக்கு எடுத்தது. பருத்திப்பட்டுக்கு எண்ண வந்தவர் அம்பத்தூர்ப் பள்ளிக்கூட வாத்தியார் ஜானகிராமன். வெயிலில் வீடு வீடாக அலைய வைத்துவிட்டார்கள் என்ற எரிச்சலோடுதான் வந்தார். ஊர் ஜனங்கள் அவரை இன்னும் அலைய வைத்தார்கள். ஆளை எண்ணுவது வரி போடத்தான் என்று ஒருத்தன் தன் தம்பியை வைக்கோல்போருக்குப் பின்னால் உட்கார வைத்தான். எண்ணினால் குறையும் என்று ஒருத்தி தன் பிள்ளைகளை ஏரிக்குத் துரத்திவிட்டாள். கோதண்டத்தின் வாசலுக்கு வந்தபோது வாத்தியாருக்கு நாக்கு வறண்டிருந்தது. அன்று குல்ஷனும் வந்திருந்தாள். குப்பன் அவள் மடியில் உட்கார்ந்து பொரி தின்றுகொண்டிருந்தான்.

"இந்த ஆத்துல யாரார் இருக்கேள்?" என்றார் ஜானகிராமன்.

"நானு, எம் பொஞ்சாதி. அவ்ளோதான் சாமி" என்றான் கோதண்டம்.

"அந்தப் பையன்?"

கோதண்டம் வடிவைப் பார்த்தான். வடிவு முந்திக்கொண்டாள். "அது பாய் ஊட்டுப் புள்ள சாமி. நாங்க வளக்குறோம். தோ, அவங்க அம்மா இங்கயே கீறாங்க."

வாத்தியார் குல்ஷன் பக்கம் திரும்பினார். "ஏம்மா, உம் பிள்ளையா?"

"ஆமா, எம் புள்ளதான்" என்றாள் குல்ஷன்.

சாங்கியத்துக்குச் சொல்வதுபோல அவள் சொல்லவில்லை. பசித்தவள் இலையைப் பார்த்துச் சொல்வதுபோலச் சொன்னாள். வடிவுக்கு அது சுருக்கென்றது.

ஜானகிராமன் மோர் வாங்கிக் குடித்துவிட்டுக் கொஞ்சம் தெளிந்தார். தெளிந்ததும் வாத்தியாராகிவிட்டார். "அதிசயமா இருக்கு. எந்த வாசல்ல நின்னாலும் ஒரு பிள்ளைத்தாச்சி நிக்கறா. எண்ணிப் பார்த்தா போன தரம் எண்ணினதைவிட ஜனம் கம்மி. சீமையில இதுக்கு நேர் எதிராம், பேப்பர்ல போட்டிருந்தான். அங்கே பிறக்கறதே குறைஞ்சுண்டு வரதாம். ஆனாலும் ஜனம் ஏறிண்டே போறதாம். பிறந்தது நிக்கறது, அதான். அங்கே ரெண்டு பெத்தா ரெண்டும் இருக்கு. இங்கே ஏழு பெத்தா..." என்று சொல்லிக்கொண்டே வந்தவர் வடிவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"பினாங்குலயும் சனம் பெருகுதாமே, அங்க இருக்கற எங்க மச்சாண்டார் சொன்னாரு" என்றாள் குல்ஷன்.

"அது வேற விஷயம்மா. அங்கே பிறந்து பெருகல, இங்கேர்ந்து கப்பல் ஏறிப் போய்ப் பெருகறது. இந்த ஊர்லேயே ரங்கூனுக்கும் பினாங்குக்கும் போனவாளைக் கூப்பிட்டா ஒரு தெரு நிறையும்."

குல்ஷன் குப்பனின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

வாத்தியார் ஏரிக்கரையோடு அடுத்த ஊருக்குப் போனார். ஊர் அவரை மறந்தது. ஒரு மாசம் கழித்து குல்ஷன் வந்தாள். இந்தத் தரம் பொரியும் இல்லை, சீப்பும் இல்லை. வந்ததும் வராததுமாக வடிவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வடிவு, நாங்க பினாங்குக்குப் போறோம். அஞ்சும் போன ஊட்ல என்னால இருக்க முடியல. அவுரு அண்ணன் அங்க கூப்புடறாரு. புள்ளய எங்கூட அனுப்பு."

வடிவுக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று. "எந்தப் புள்ளக்கா?" என்றாள், வேறு பிள்ளை ஏதோ இருக்கிற மாதிரி.

கோதண்டத்துக்குச் சட்டென்று ஏறிவிட்டது. "இன்னா பாயம்மா பேசுற? தவிட்ட குடுத்துட்டா புள்ள உன்துதா பூடுமா? அது சாங்கியம். ஊருக்கே தெரியும்."

"ஊருக்கு இன்னா தெரியும்? அன்னிக்கு சர்க்காரு ஆளு வந்து கேட்டப்ப யாரு புள்ளன்னு சொன்னீங்க? ஊரே கேட்டுக்கினுதான இருந்துச்சு?" குல்ஷனின் குரல் உடைந்தது. "நான் கேக்குறது ஞாயம் இல்லன்னு எனக்குத் தெரியும் கோதண்டம். ஆனா நான் இன்னா பண்ணுவேன்? அஞ்சு பேர கழுவி மண்ணுக்குக் குடுத்த கை இது. வடிவு, நீ உன் வாயால ஒரு வார்த்த சொல்லு. உன் புள்ளன்னு சொல்லு. நான் திரும்பிப் பாக்காம பூடறேன்."

"சொல்லுமே!" என்று கத்தினான் கோதண்டம். "சொல்லித் தொலையேன்!"

ஒரே ஒரு வார்த்தை. அந்த வார்த்தையைச் சொல்லாமல் அடக்கித்தான் ஐந்து வருஷம் அவனை உயிரோடு வைத்திருந்தாள். சொல்லாவிட்டால் கடல் கொண்டுபோகும். சொன்னால் எமன் கொண்டுபோவான். குப்பன் ஒன்றும் புரியாமல் மாட்டுக்கயிற்றைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தான். குல்ஷன் அவனைப் பார்த்து, "வாடா கண்ணு" என்று கையை நீட்டினாள். அவனும் இரண்டடி வைத்தான்.

"அது எம் புள்ள!" என்று அலறிவிட்டாள் வடிவு. "நான் பெத்த புள்ள! யாருக்கும் தர மாட்டேன்!"

ஓடிப்போய் அவனைத் தூக்கி மாரோடு அணைத்துக்கொண்டாள். ஐந்து வருஷத்துச் சொல்லை அவன் காதிலேயே சொல்லிச் சொல்லி அழுதாள். குல்ஷன் சொன்ன சொல் தவறவில்லை. திரும்பிப் பார்க்காமல் போய் ஜட்காவில் ஏறிக்கொண்டாள்.

அந்த வாரமே குப்பனுக்குக் குளிர்ஜுரம் கண்டது.

ஏரியோரத்து ஊரில் குளிர்ஜுரம் புதுசா? அறுப்பு முடிந்தால் பாதி ஊர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நடுங்கும். கொசு அவனை எப்போதோ கடித்துவிட்டிருந்தது. வடிவு வாயைத் திறக்கட்டும் என்று அது காத்திருக்கவில்லை. இதை நாம் சொல்லலாம். வடிவிடம் அன்று யார் சொல்லியிருந்தாலும் மண்ணை வாரித் தூற்றியிருப்பாள். பையன் பல் கிட்டிக்கொண்டு நடுங்குவான். பிறகு உடம்பு அனலாகக் கொதிக்கும். பிறகு வேர்த்து விட்டுவிடும். ஒருநாள் சும்மா இருந்துவிட்டு மறுபடி வரும். ஒவ்வொரு தரம் வந்துபோனபோதும் அவனில் கொஞ்சத்தை எடுத்துக்கொண்டு போயிற்று.

அன்னம்மாள் நிலவேம்புக் கஷாயம் காய்ச்சிக் கொடுத்தாள். குப்பன் அதைக் குடித்தான், கக்கினான். அவன் கண்ணிமையை விலக்கிப் பார்த்துவிட்டு அவள் கேட்டாள்.

"இன்னாமே ஆச்சு? நல்லாத்தான இருந்தான்?"

"சொல்லிட்டேன் அன்னம்மாக்கா" என்றாள் வடிவு. "எம் புள்ளன்னு சொல்லிட்டேன்."

"வாயாலயா?"

"வாயாலதான்."

அன்னம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். நல்ல மனசுக்காரிதான். நூற்றுக்கணக்கான பிள்ளைகளை இந்தக் கையில் ஏந்தியவள். ஆனால் அன்று அவள் தலையில் அடித்துக்கொண்ட அடி வடிவின் தலையில்தான் விழுந்தது. வடிவு பையனைக் கந்தல் போர்வையில் சுற்றினாள். கோதண்டம் வயலில் இருந்தான். அவனிடம் சொல்லவில்லை. அப்போது எட்டாவது பிள்ளை அவள் வயிற்றில், ஐந்து மாசம். வயிறு இடிக்க இடிக்கப் பையனைத் தோளில் சாய்த்துக்கொண்டு பூந்தமல்லிக்கு நடந்தாள். வழியில் அவன் தண்ணீர் கேட்டான். கொடுத்தாள். "அத்தே, அம்மா ஊட்டுக்கா போறோம்?" என்றான். "ஆமாண்டா" என்றாள். என்னை அம்மா என்று கூப்பிட்டுவிடாதே என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டாள்.

குல்ஷன் வீட்டில் பெட்டிகள் கட்டி வைத்திருந்தன. வடிவு பையனைக் கூடத்தில் கிடத்திவிட்டு நான்கடி பின்னால் போய் நின்றுகொண்டாள்.

"ஒம் புள்ளய ஒன்னாண்டயே உட்டுட்டேன்கா. நான் சொன்னது பொய். அது எம் புள்ள இல்ல. நான் பெக்கல." சுவர், கூரை, ஜன்னல் எல்லாம் கேட்கட்டும் என்று உரக்கச் சொன்னாள். "கேட்டுக்கோங்க, நான் பெக்கல."

குல்ஷன் ஓடிவந்து பையனின் நெற்றியில் கை வைத்தாள். அவளுக்கு முகம் வெளுத்துவிட்டது. இப்படிக் கொதித்த ஐந்து நெற்றிகளை அந்தக் கை அறிந்திருந்தது. ஒரு கணம் அவளும் பின்வாங்கினாள். பிறகு உள்ளே பார்த்து, "ஏங்க!" என்று கத்தினாள். உஸ்மான் கனி வந்து பார்த்தார். செருப்பை மாட்டிக்கொண்டு தபாலாபீசுக்குப் போனார். குளிர்ஜுரத்துக்கு விற்கிற கொயினாப் பொட்டலம் வாங்கி வந்தார்.

கொயினா என்றால் ஏதோ கிடைக்காத சரக்கு என்று நினைத்துவிடாதீர்கள். ஆவடி ஸ்டேஷன் பக்கத்துத் தபாலாபீசிலும் அதே பொட்டலத்தைத் தபால் கார்டோடு வைத்து விற்றுக்கொண்டுதான் இருந்தார்கள். ஸ்டேஷனுக்குக் கீரை கொண்டுபோகும்போது கோதண்டம் அந்த வாசலைத் தாண்டித்தான் போவான். அது வெள்ளைக்காரனுக்கும் ரயில்காரனுக்கும் ஆன மருந்து என்று நினைத்திருந்தான். உனக்கும் ஆகும் என்று அவனிடம் சொல்ல ஒருத்தருக்கும் வாய் வரவில்லை. வருஷா வருஷம் நடுங்கிச் செத்த ஊருக்கு ஆளை அனுப்பி எண்ணத் தெரிந்த சர்க்காருக்கு, அந்த ஆளின் கையில் நாலு பொட்டலம் கொடுத்தனுப்பத் தெரியவில்லை. நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

குப்பனுக்கு ஜுரம் நின்றது. ஒரு வாரத்தில் எழுந்து உட்கார்ந்தான், கஞ்சி கேட்டான். வடிவு அந்த ஒரு வாரமும் பூந்தமல்லிப் பக்கம் தலைகாட்டவில்லை. கோதண்டம் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னதை, கேட்காதவள் மாதிரி அடுப்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டாள். பிறகு குல்ஷன் ஆளனுப்பினாள். கப்பலுக்கு நாள் நெருங்கிவிட்டது, வந்து பிள்ளையை அழைத்துப் போகச் சொல் என்றாள். சந்தோஷத்தில் கோதண்டத்துக்கு இடுப்பில் வேட்டி நிற்கவில்லை. "நான் போயாரட்டா?" என்றான். "நான்தான் போவணும்" என்றாள் வடிவு.

குப்பன் கூடத்தில் உட்கார்ந்து தோல் துண்டுகளை அடுக்கி விளையாடிக்கொண்டிருந்தான். கன்னம் ஒட்டியிருந்தது. ஆனால் கண்ணில் பழைய துறுதுறுப்பு வந்திருந்தது. வடிவைப் பார்த்ததும் "அத்தே!" என்று ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டான். அவள் குனியவில்லை.

குல்ஷனின் கண் இரண்டும் சிவந்திருந்தன. "கூட்டிகினு போ வடிவு. ராவெல்லாம் யோசிச்சுட்டேன். நான் கேட்டது பாவம். ஒருத்தி வயித்த எரிச்சு நான் புள்ள வளக்க வாணாம். உன் புள்ள..."

வடிவு பாய்ந்துபோய் அவள் வாயைப் பொத்தினாள். "சொல்லாதக்கா! ஒன் காலுல உயுறேன், அப்டி சொல்லாத! இப்பத்தான் பொயச்சு எந்திரிச்சிருக்கான்."

உஸ்மான் கனி எழுந்து வந்தார். மீதியிருந்த பொட்டலங்களை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். "இதோ பாரும்மா, இதான் கொயினா. கசப்பு மருந்து. இத குடுத்தேன், ஜுரம் நின்னுச்சு. நீ சொன்னதால வரவும் இல்ல, நாங்க வச்சுகினதால போவவும் இல்ல. எங்க ஊட்ல வச்சா தங்கும்னா, அஞ்சு ஏம்மா போச்சு? இத எடுத்துகினு புள்ளயோட நிம்மதியா ஊட்டுக்குப் போ."

வடிவு அந்தப் பொட்டலங்களைப் பார்த்தாள். அவர் சொன்னது அவள் காதில் விழுந்தது. மனசில் விழவில்லை. "ஆறு பேருக்கு நான் மருந்து குடுக்கலியா பாய்?" என்றாள். "யார் யாரோ இன்னா இன்னாவோ சொன்னாங்க, எல்லாத்தயும் குடுத்தேன். ஒண்ணும் நிக்கல. இவன் ஒருத்தன்தான் நின்னான், எனுதில்லன்னு சொன்னதால நின்னான். எனுதுன்னு ஒரு தபா சொன்னேன், பாத்தீங்க இல்ல? எங்கூட வந்தா நான் மறுபடியும் சொல்லிப்புடுவேன். என் வாய் நிக்காது. ராத்திரி தூங்கறப்பவாவது சொல்லிப்புடுவேன். அங்க கடலுக்கு அந்தாண்ட நான் சொல்றது கேக்காது."

வேண்டாம் என்று சொல்லக் குல்ஷனுக்கு மனசு வரவில்லை, சரி என்று சொல்லவும் வெட்கமாக இருந்தது. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அத்தே, ஊட்டுக்குப் போலாம் வா" என்று குப்பன் புடவையைப் பிடித்து இழுத்தான். வடிவு அவன் விரல்களைப் பிரித்தெடுத்தாள். "நான் ஒனக்கு யாரும் இல்லடா. கூலிக்கு வளத்தவ. தோ ஒங்கம்மா, அவுங்களாண்ட போ" என்றாள். அவன் வீறிட்டு அழுதான். அழட்டும், அழுகிற பிள்ளை உயிரோடிருக்கிற பிள்ளை என்று சொல்லிக்கொண்டு தெருவில் இறங்கினாள். அந்த அழுகை கடைத்தெரு திரும்பும்வரை கேட்டது.

வீட்டு வாசலில் கோதண்டம் குளித்து, வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு நின்றிருந்தான். அவள் பின்னால் யாரும் வரவில்லை என்று கண்டதும் ஓடிவந்தான்.

"எங்கமே புள்ள? மறுபடியும் ஜுரமா?"

"இல்ல. நல்லா கீறான்."

"நல்லாயிட்டானே! அப்புறம் ஏன் உட்டுட்டு வந்த?"

"நல்லாயிட்டான், அதான் உட்டுட்டு வந்தேன்."

கோதண்டம் தலையில் கையை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். வடிவு தொட்டியில் தண்ணீர் மொண்டு காலைக் கழுவினாள். அவளுக்கு அழுகை வரவில்லை. வயிற்றுக்குள் பிள்ளை புரண்டது. அதன்மேல் கையை வைக்கப் போனவள், சுட்ட மாதிரி கையை எடுத்துக்கொண்டாள்.

"இத்த யாராண்ட குடுக்கலாம்னு இப்பவே பாத்து வையி" என்றாள். "புள்ளய பறிகுடுக்காத ஊடா பாரு."

கோதண்டம் பருத்திப்பட்டை ஒவ்வொரு வாசலாக நினைத்துப் பார்த்தான். அந்த ஊரில் அவனுக்குத் தெரிந்து அப்படி ஒரு வீடு இல்லை.